கொம்புத் தவளையின் வண்ணம்

அடுக்கு மாடிக் குடியிருப்பில் வாழ்வோர்க்குக் கொல்லைப்புறம் என்பது ஊர் நினைவுகளில் ஒன்றாகிவிட்டது. பசுவும் கன்றும் அங்கேயே நின்றுவிட்டன. ஆயினும், ஓர் உயிரை அருகில் வைத்துப் பேண வேண்டும் என்னும் ஆசை குழந்தைகளை விட்டு நீங்குவதில்லை. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அவ்வாசை முதலில் வண்ண மீன்களாக வந்தது. பின்னர்ச் சின்னஞ்சிறு கூண்டுப் பறவைகளாக வந்தது. இப்பொழுது தவளையாகவும் வந்திருக்கிறது. மழை பெய்தால் வாசலுக்கே வந்து நிற்கும் பிராணியைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று நேயர்கள் வியக்கலாம். நாமும் அவ்வாறே வியந்தோம்.

நாம் வசிக்கும் டில்லிக் குடியிருப்பின் மேல் மாடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவ்வீட்டு மகன் கல்லூரியில் பயில்பவன். ஒரு மழைக்காலத்தில் அவன் ஒரு தவளைக் குஞ்சை வாங்கி வந்தான். பத்து ரூபாய் நாணயத்தின் அளவே இருந்த அக்குஞ்சு, மாந்தளிர் முற்றி இலையாகும் பருவத்துப் பச்சை நிறத்தில், செம்பழுப்புத் திட்டுகளுடன் கண்ணைப் பறித்தது. பழுப்பு நிறக் குஞ்சுகளைவிடப் பச்சைக்கு விலை அதிகமாம். அவன் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்திருந்தான். பச்சையப்பன் என்று அதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. ஓராண்டு சென்றது. பச்சையப்பன் உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு வளர்ந்தான். ஆனால் பச்சை போய்விட்டது. குளத்துப் படிக்கட்டில் உலர்ந்த பாசியின் நிறம்தான் எஞ்சியது.

“மாமா, கடைக்காரர் சாயம் ஏற்றிக் கொடுத்துவிட்டாரா? இல்லை, இதற்கு ஏதாவது நோயா?” என்று அவன் நம்மிடம் வந்து கேட்டான். அவனுடைய தந்தை வேறொரு யோசனை வைத்திருந்தார். நிறம் போன தவளையை யமுனைக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது அது. நாம் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவர், விலங்கியல் கற்றவரல்லர். ஆயினும் அகராதியைத் தேடுபவனுக்கு நூலகத்தைத் தேடும் பழக்கமும் உண்டு. தேடிப் படித்ததில் தெரிந்தவற்றையே இங்குக் கூறுகிறோம்.

இத்தவளையின் தாயகம் தென் அமெரிக்கா. செரட்டோஃபிரிஸ் என்பது அறிவியலார் அதன் குலத்துக்கு இட்ட பெயர். கிரேக்க மொழியில் கொம்பு, புருவம் என்னும் இரு சொற்களைச் சேர்த்து ஆக்கியது. மேல் இமையின் தோல் சற்றே கூர்மையாக எழும்பி நிற்பதால் கொம்பு போலத் தோன்றுகிறது. உள்ளே எலும்பாலான கொம்பு ஏதுமில்லை. வாயோ உடலின் அகலத்துக்கு ஈடானது. 1980-ல் ஜப்பானியர் வெளியிட்ட ‘பாக்மேன்’ என்னும் விளையாட்டில் எதிர்ப்பட்டதை எல்லாம் விழுங்கிச் செல்லும் உருண்டை முகம் ஒன்று உண்டு. வாணிப உலகம் இத்தவளைக்கு அப்பெயரையே வைத்துவிட்டது.

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது கிரான்வெல் கொம்புத் தவளை. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில் ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ என்னும் வறண்ட சமவெளியே அதன் இடம். அங்கு ஆண்டின் ஒரு பகுதியில்தான் மழை. மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளில் முட்டையிட்டு, அவை வற்றும் முன்பே தலைப்பிரட்டைகள் சில வாரங்களில் தவளையாகிவிட வேண்டும். வறட்சிக் காலத்தில் மண்ணுக்குள் புதைந்து, உரியும் தோலை அகற்றாமல் அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு, அதனுள் ஈரம் காத்து உறங்கும். நம் பழந்தமிழில் நுணல் என்றொரு சொல் உண்டு. மணலில் மறைந்து கிடக்கும் தவளையை அது குறிக்கும். கொம்புத் தவளையை முதன்முதலில் கண்ணாடித் தொட்டியில் கண்டபோது, கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிய மண்ணில் அமர்ந்திருந்த அதற்கு அச்சொல்லே பொருந்தும் என்று தோன்றியது. பக்கத்தில் வரும் இரை அதனை ஒரு சருகுக் குவியல் என்றே எண்ணும். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக அமைந்த கோலம் உடலின் விளிம்பைக் கண்ணுக்குத் தெரியாமல் உடைத்துக் காட்டுகிறது. நாம் அழகென்று விலை கொடுக்கும் வண்ணம், அதற்கு ஒளிந்திருக்கும் திரை.

அவ்வண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், அது ஏன் மாறுகிறது என்பதும் பாதி விளங்கிவிடும். பெரும்பாலான தவளைகளின் தோலில் பச்சை என்று ஒரு சாயமே இல்லை. தோலுக்குள் மூன்று வகை நிறமி அணுக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலே இருப்பது மஞ்சள் நிறமி கொண்டது. நடுவில் இருப்பதில் நிறமே இல்லை. குவானின் என்னும் பொருளாலான கண்ணாடி போன்ற நுண்தகடுகள் மட்டும் இருக்கும். மீன் செதிலுக்கு வெள்ளிப் பளபளப்பைத் தருவதும் இதே பொருள்தான். அடியில் இருப்பது மெலனின் என்னும் கருநிறமி. மனிதரின் தோலையும் முடியையும் கறுப்பாக்குவதும் அதுவே. வெளிச்சம் தோலில் விழும்போது, நடுவிலுள்ள தகடுகள் அதன் நீலப் பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. எஞ்சியதை அடியிலுள்ள கருமை உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பி வரும் நீலம் மேலேயுள்ள மஞ்சளை ஊடுருவி வருகையில் நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. நீலத் தாளின் மேல் மஞ்சள் கண்ணாடித் தாளை வைத்துப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டேதான் இது. அருங்காட்சியகங்களில் சாராயத்தில் இட்டு வைத்த பச்சைத் தவளைகள் நாளடைவில் நீலமாகிப் போவதைக் காணலாம். மஞ்சள் நிறமி சாராயத்தில் கரைந்து போகிறது; தகடுகள் கரைவதில்லை.

ஆகவே பச்சை என்பது மூன்று பேர் சேர்ந்து பாடும் பாட்டைப் போன்றது. ஒருவர் குரல் ஓங்கினாலும் தாழ்ந்தாலும் பாட்டு மாறிவிடும்.

இம்மாறுதல் இரண்டு விதமாக நிகழ்கிறது. ஒன்று விரைவானது. அடியிலுள்ள கரு அணுக்கள் விரல்களைப் போன்ற கிளைகளை உடையவை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஒரு சுரப்புநீர் இரத்தத்தில் கலந்தால், கருமைத் துகள்கள் அக்கிளைகளுக்குள் பரவி மேலிருக்கும் வண்ணத்தை மூடிவிடும். சுரப்பு குறைந்தால் துகள்கள் நடுவில் ஒடுங்கி, தோல் வெளிறும். குளிர், ஈரம், தரையின் இருள் ஆகியவை இதனைத் தூண்டும். டில்லியின் மார்கழிக் குளிரில் ஒரு தவளை காலையில் கரும்பச்சையாகவும், அறையைச் சூடாக்கிய பின் மாலையில் தெளிந்த பச்சையாகவும் காணப்படுவது இதனாலேயே. தோல் உரிக்கும் முன்னும் நிறம் மங்கும். உரித்த தோலைத் தவளையே வாயால் இழுத்து விழுங்கிய பின்னர் மீண்டும் துலங்கும். இவையெல்லாம் வந்து போகும் மாற்றங்கள்.

மற்றொன்று மெதுவானது; வயதோடு வருவது; திரும்பாதது. பச்சையப்பனுக்கு நேர்ந்தது இதுவே.

நாணயத்தளவு குஞ்சு இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்று கொள்வோம். நன்றாக வளர்ந்த பெண் தவளை பன்னிரண்டரை சென்டிமீட்டரை எட்டுவது இயல்பு. நீளம் ஐந்து மடங்கு. எனின், தோலின் பரப்போ இருபத்தைந்து மடங்கு. இப்பெருக்கத்தின் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சிறிய வாசலுக்கென்று அளந்து வைத்த மாவைக் கொண்டு தெரு முழுவதும் அதே கோலத்தைப் போட முற்பட்டால் என்ன ஆகும்? புள்ளிகளின் வரிசை மாறாது. இழைகளின் வளைவு மாறாது. வெண்மை மட்டும் மெலியும். தவளையும் வளர வளரப் புதிய நிறமி அணுக்களை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மூவகை அணுக்களும் ஒரே வேகத்தில் பெருக வேண்டும் என்ற நியதி இல்லை. கருமை முந்தினால் தளிர்ப் பச்சை பாசிப் பச்சையாகும். தகடுகள் குறைந்த இடம் பழுப்பாகும். மஞ்சள் பின்தங்கினால் சாம்பல் கலந்த பச்சை தோன்றும். திட்டுகளின் வடிவம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குஞ்சாக இருந்தபோது எடுத்த புகைப்படத்தைப் பச்சையப்பனின் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு அவ்விளைஞனிடம் சொன்னோம். நெற்றியில் இருந்த மாங்காய் வடிவத் திட்டு அங்கேயே இருந்தது, விரிந்திருந்தது, அவ்வளவே. கடைக்காரர் ஏற்றிய சாயமாக இருந்தால், தோல் உரிந்த முதல் வாரத்திலேயே அது போயிருக்கும்.

நம் நாட்டுத் தவளைகளிலும் நிறம் மாறுவதுண்டு. ஆனால் அது வேறு வகை. முதல் மழை பெய்த மறுநாள் வயல்களிலும் குளங்களிலும் எலுமிச்சை மஞ்சளாக ஒளிரும் பெருந்தவளைகளை நேயர்கள் ஊரில் கண்டிருக்கலாம். ஆண்டு முழுவதும் மங்கிய பச்சையாகக் கிடக்கும் ஆண், இணை தேடும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் மஞ்சள் பூண்டு, நீல நிறக் குரல் பைகளை உப்பவைத்துக் கத்தும். பின்னர்ப் பழைய நிறத்துக்கே திரும்பும். அது விழாக்கால ஆடை. கொம்புத் தவளை பருவமடையும்போது இத்தகைய ஆடம்பரம் இல்லை. ஆணின் தொண்டை கறுக்கும்; கட்டை விரல்களில் சொரசொரப்பான கருந்திட்டுகள் தோன்றும்; இரவில் குரல் எழுப்பும். பெண்ணுக்குத் தொண்டை வெளிறியே இருக்கும்; உடல் ஆணைவிடப் பெரிதாகும்.

இனி, வாணிபத்தில் வழங்கும் வண்ண வகைகளைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘மார்ஃப்’ என்று ஒரு சொல்லால் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். வடிவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. ‘உருவகை’ என்று எழுதிப் பார்த்தோம்; உருவத்தில் வேறுபாடு இல்லையே என்று அடித்துவிட்டோம். ‘வண்ண வகை’ என்பதே போதும். கடைகளில் இவை பழங்களின் பெயரால் விற்கப்படுகின்றன: ஸ்ட்ராபெரி, அன்னாசி என்று. இரண்டும் பெரும்பாலும் அல்பினோ என்னும் பிறவி வகையைச் சேர்ந்தவை. மெலனின் உண்டாக்கும் ஆற்றல் பரம்பரையாகவே இல்லாதவை. அதனால் கண்ணும் சிவந்து தோன்றும். அடியில் கருமை இல்லாமையால் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் மட்டுமே வெளிப்படுகின்றன. இத்தகைய தவளை எத்தனை வயதானாலும் பச்சையப்பனைப் போலப் பாசி நிறம் ஆகாது. பாசி நிறத்துக்கு வேண்டிய கருமை அதனிடம் இல்லை. ஆனால் அதற்கும் மாற்றம் உண்டு. குஞ்சின் தோல் மெல்லியது. அடியில் ஓடும் இரத்தத்தின் சாயலும் சேர்ந்து அதனை ரோஜா நிறமாகக் காட்டும். தோல் தடிக்கத் தடிக்க அச்சிவப்பு குறைந்து, மஞ்சளோ ஆரஞ்சோ மேலோங்கும். ஸ்ட்ராபெரி என்று வாங்கியது நாளடைவில் அன்னாசியாகிவிட்டது என்று வளர்ப்போர் வேடிக்கையாகச் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை.

ஜப்பானில் வளர்த்துப் பரப்பிய நீல வகை ஒன்றுக்குச் ‘சாமுராய் நீலம்’ என்று பெயர். மஞ்சள் திரை மெலிந்தால் நீலம் வெளிப்படும் என்று மேலே கண்டோம் அல்லவா? அதுவும் வளர்ந்த பின் பலவற்றில் சாம்பல் கலந்து காணப்படுகிறது. எனவே, விலை மிகுந்த வண்ணம் எதுவாயினும் அது குஞ்சின் வண்ணம். பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பிராணியை அதன் முதல் ஆறு மாத நிறத்தைக் கொண்டு விலை பேசுகிறோம். வாங்குவோர் குஞ்சின் தாய் தந்தையரைப் பார்க்கக் கேட்பதே நலம்; கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள் இதைவிட அதிகம் விசாரிக்கிறார்கள்.

உணவுக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு. மேல் அடுக்கிலுள்ள மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளில் ஒரு பகுதியைக் கரோட்டின் இனத்துப் பொருள்கள் தருகின்றன. கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் நிறம் தருபவை அவையே. தவளையால் இவற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. தின்னும் பூச்சியின் வழியாகவே பெற வேண்டும். மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளைகளைக் கொண்டு இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2012-ல் வெளியாயிற்று. கரோட்டின் சேர்த்த பூச்சிகளை உண்டு வளர்ந்தவை, சேர்க்காத பூச்சிகளை உண்டவற்றைவிட அதிகச் சிவப்பு நிறம் பெற்றிருந்தன; முட்டைகளும் கூடுதலாக இட்டன. கடையில் வாங்கும் சுவர்க்கோழிகள் பல நாள் பட்டினி கிடந்தவை. அவற்றை அப்படியே தவளைக்குப் போடுவது வெறும் தவிட்டைப் போடுவதற்குச் சமம். ஓரிரு நாள் கேரட்டும் கீரையும் தின்னக் கொடுத்துப் பின்னர் இரையாக்க வேண்டும். இதனால் பாசி நிறமான தவளை மீண்டும் தளிராகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. வளர்ச்சி கொண்டுபோன நிறத்தை உணவு மீட்டுத் தராது. உணவுக் குறைவு கொண்டுபோகும் நிறத்தை மட்டுமே காக்கும். எலிக்குஞ்சுகளை அடிக்கடி கொடுத்துத் தவளையைக் கொழுக்கவைப்போரும் இருக்கின்றனர். அக்கொழுப்பு கண்ணின் மேல் படலமாகப் படிந்து பார்வையைக் கெடுப்பதுண்டு.

நோயின் நிறம் எது, வயதின் நிறம் எது என்று பிரித்தறிவது இளைஞனின் இரண்டாவது கேள்விக்கு விடை. வயதால் வரும் மாற்றம் மாதக்கணக்கில் நிகழும். உடலின் இரு பக்கமும் ஒத்திருக்கும். தவளை வழக்கம்போல் இரை பிடிக்கும். நோயோ நாள்கணக்கில் வரும். வயிற்றின் அடிப்பக்கமும் தொடைகளின் உட்புறமும் திடீரெனச் சிவந்தால் அது ‘செங்கால்’ என்று சொல்லப்படும் கிருமி நோயாக இருக்கலாம். அசுத்தமான நீரும் அழுக்கடைந்த மண்ணும் அதற்கு இடம் கொடுப்பவை. பஞ்சு போன்ற வெண்திட்டுகள், உடல் உப்புதல், இரையை மறுத்தல் இவையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள். தொட்டியின் மண் காய்ந்து போனால், சாக்கோவின் வறட்சிக் காலம் வந்துவிட்டதென்று எண்ணித் தவளை தன் தோலையே போர்வையாக்கிப் புதைந்துவிடும். காகிதம் போல் வெளிறிக் கிடக்கும் அதைச் செத்துவிட்டதென்று குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. டில்லிக் கோடையில் மண்ணின் ஈரத்தையும் அறையின் வெப்பத்தையும் நாள்தோறும் கவனிக்க இயலாதவர், தவளை வளர்க்க முற்படாதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

எஞ்சியது தந்தையாரின் யமுனை யோசனை. நல்லெண்ணத்தால் சொன்னதுதான், நம்மில் பலரும் சொல்லியிருப்போம். கூண்டைத் திறந்து விடுவதைப் புண்ணியமாக எண்ணும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே நம் நாட்டுப் பெருந்தவளையின் கதையையே சான்றாகக் கூறலாம். தமிழகத்து வயலில் பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவும் அத்தவளையை மனிதர் அந்தமான் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டனர். அங்கு அது இயற்கையாக இருந்ததில்லை. இப்பொழுது அத்தீவுகளில் பரவி, பல்லிகளையும் சிறு தவளைகளையும் கோழிக்குஞ்சுகளையும்கூட விழுங்குகிறது. அதன் தலைப்பிரட்டைகளும் ஊன் உண்பவை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றோடு ஒரே நீரில் விட்ட அந்தமான் தவளைகளின் தலைப்பிரட்டைகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒரே நாட்டுக்குள் இடம் மாறிய தவளையே இவ்வளவு செய்யுமானால், வேறொரு கண்டத்துத் தவளையை ஆற்றங்கரையில் விடலாமா? கொம்புத் தவளை தன் இனத்தையே தின்னும். ஒரு தொட்டியில் இரண்டை வைத்தால் காலையில் ஒன்றுதான் இருக்கும். அதன் நாக்கு இழுக்கும் வலிமை அதன் உடல் எடையையே மிஞ்சுவது என்று ஜெர்மனியில் 2014-ல் அளந்திருக்கிறார்கள். யமுனையில் அது பரவினால் கேடு. பரவாமல் முதல் குளிரிலேயே மடிந்தால் அதற்குக் கேடு. நம் தவளைகளுக்குத் தோல் காளான் நோயைக் கொண்டு வரும் அபாயமும் உண்டு. வளர்க்க இயலாதவர் வேறொரு வளர்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். ஆற்றில் விடுதல் ஆகாது.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மேல் மாடி வீட்டில், காபிக்கு இடையே சொன்னோம். தந்தையார் அந்தமான் செய்தியைக் கேட்டதும் யமுனைப் பேச்சை விட்டுவிட்டார். இளைஞன் தொட்டியை நம் பக்கம் திருப்பி வைத்தான். பச்சையப்பனுக்கு இப்பொழுது ஏறக்குறைய இரண்டு வயது. நல்ல பருமன், இரவில் ஒரு குரலும் கேட்டதில்லை, தொண்டையைக் கை விளக்கால் பார்த்தபோது கருமை சிறிதும் இல்லை. பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றோம். நிறமும் இல்லை, ஆணும் இல்லை என்றானபின் பெயரையாவது மாற்றலாமே என்றார் தாயார். கூப்பிட்டுப் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவன் கேரட் தின்ற சுவர்க்கோழி ஒன்றை இடுக்கியில் பிடித்து அதன் எதிரே நீட்டினான்.